கடைக்குட்டிக்கு முதல் பங்கு

கொல்லைப்புறத்தில் ஆந்தைக்கு ஒரு பெட்டி வைக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்றே அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. மாடியில் அவர் தனியாக, கீழே நாங்கள் இரண்டு பேர். தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் இருக்கிற கொல்லை மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது.

அண்ணிக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. டாக்டர் கையை நீட்டும்போது அவர் கேட்க நினைத்த சாமான் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்திருக்கும், அப்படி ஒரு கைப்பழக்கம். சுத்தம் என்றால் சாதாரணச் சுத்தம் இல்லை. அழுக்குக் கையால் திறந்த குழாய் என்று, கையைக் கழுவிய கையோடு குழாயையும் கழுவிவிட்டுத்தான் மூடுவார். அப்படிப்பட்டவர் துணி காயப்போடுகிற இடத்துக்கு நேர் மேலே ஆந்தை.

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வை," என்றார் தம்பியிடம், நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். "காலைல எந்திரிச்சு துணி எடுக்க வந்தா, நான் அது மூஞ்சிலதான் முழிக்கணுமா?"

"அது பகல்ல தூங்கும்க்கா. நீதான் முழிப்ப, அது முழிக்காது."

"எனக்கு இறக்கைன்னாலே ஆகாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

இந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்ப்பது என் வேலை. மீட்டர் பெட்டியை யாரும் வாசலில் அழகுக்கு வைப்பதில்லை, பின்பக்கத்தில்தான் எங்காவது ஒளித்து வைப்பார்கள். அதனால் எனக்கு ஊரின் முகம் அவ்வளவாகத் தெரியாது, முதுகு அத்துப்படி. அப்படி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுப் பின்பக்கம் போனபோது அவர் உதட்டில் விரலை வைத்து மேலே காட்டினார். சுவரில் மரப்பெட்டி. அதன் ஓட்டையில் ஒரு வெள்ளை முகம். ஆப்பிளை நெடுக்காக வெட்டினால் தெரியுமே, அந்த வடிவம், அதில் இரண்டு கறுப்புக் கண். கூகை என்றார், ஆந்தையில் ஒரு வகை. அது என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அவ்வளவுதான், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

என் கணவர் டயர்க்கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு தெருவையே அதிரவைத்த பெரிய ஸ்பீக்கர் ஒன்று அவரிடம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் அவரைப் போலவே வாயை மூடிக்கொண்டு பரணில் கிடந்தது. அதன் உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி, முன்பக்கத்து வட்டத்தைப் பலகை அடித்துச் சிறிதாக்கி, உள்ளே மேல் மூலையில் ஒரு குட்டிக் கேமராவைப் பொருத்தி, தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியில் கட்டிக்கொடுத்தார். கேமராப் படம் எங்கள் டிவியிலும் என் கைபேசியிலும் தெரியும்.

முதல் வருஷம் யாரும் வரவில்லை. மைனாக்கள் குப்பையைக் கொண்டுவந்து அடைத்தன. அதை எடுத்தால் குளவி கட்டியது. "வாடகைக்கு விடப்படும்னு ஒரு போர்டு மாட்டட்டுமா?" என்பார் கணவர். அண்ணி மாடியிலிருந்து சிரிப்பது கேட்கும். பேச்சுதான் இல்லையே தவிர, சிரிப்புக்குத் தடை இல்லை.

இரண்டாம் வருஷம் ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். கணவர் கடையிலிருந்து வந்ததும் வண்டியின் நான்கு டயரையும் குனிந்து குனிந்து பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்தவர் மறுபடி எழுந்து போனார்.

"எங்கயோ காத்து இறங்குது. புஸ்ஸுனு ஒரே சத்தம். எந்த டயர்னு தெரியல."

"தொழில்காரருக்கே தெரியலையா?"

"கிண்டல் பண்ணாத, வந்து கேளு."

போய்க் கேட்டேன். சத்தம் வண்டியிலிருந்து வரவில்லை, தலைக்கு மேலிருந்து வந்தது. ஓடிவந்து டிவியைப் போட்டேன். பெட்டிக்குள் இரண்டு வெள்ளை முகங்கள், ஒன்றையொன்று பார்த்து, பஞ்சரான டயர் மாதிரி சீறிக்கொண்டிருந்தன. நான் கணவரைக் கட்டிப்பிடித்துக் குதித்ததில் அவர் சட்டைப் பொத்தான் ஒன்று போய்விட்டது.

ஐந்து முட்டை. பெண் கூகை அடைகாத்தது, ஆண் கூகை இருட்டத் தொடங்கியதும் எலியோடு வந்து அதற்குக் கொடுத்தது. கூகை எல்லா முட்டையையும் ஒரே நாளில் இடுவதில்லை, இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு இடும். அதனால் குஞ்சுகளும் அப்படியே பொரிந்தன, ஐந்தையும் நிறுத்தினால் படிக்கட்டு. மூத்தது முழங்கை உயரம் வந்தபோது கடைசியாகப் பொரிந்தது கைப்பிடிப் பஞ்சாக இருந்தது.

அண்ணிக்கு அந்தச் சமயத்தில் அடிக்கடி சர்க்கரை தீர்ந்துபோனது. கிண்ணத்தோடு கீழே வருவார். டிவிக்கு முதுகைக் காட்டி நிற்பார், சுவர் அலமாரிக் கண்ணாடியில் படம் தெரிகிற இடமாகப் பார்த்து. ஒருநாள் மாலை அவரே திரும்பிவிட்டார்.

"ஏம்மா, அந்தக் கடைக்குட்டிக்கு யாருமே குடுக்க மாட்டேங்கிறாங்களே! பெரிசுதான் எல்லாத்தையும் புடுங்கித் திங்குது. அந்த அம்மாவுக்குக் கண்ணு தெரியாதா?"

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அண்ணி என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை. நான் சர்க்கரைக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"உக்காருங்க அண்ணி."

"உக்காரல்லாம் நேரமில்ல," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அன்று இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி. மீட்டர் பார்க்க அங்கே போனபோது மாவுக் கிடங்கின் சுவரோரம் நீல நிற மாத்திரைகள் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன். எலி மருந்து. அதைத் தின்ற எலியைத் தின்றால் கூகையும் போய்விடும். பேக்கரிக்காரர் நல்ல மனிதர், ஆனால் பிடிகொடுக்கவில்லை.

"ஆந்தை செத்துரும்னு சொல்றீங்க. சரி. சுகாதாரத்துல இருந்து வந்து மாவு மூட்டை மேல எலிப் புழுக்கையைப் பாத்தாங்கன்னா கடைக்குப் பூட்டு. என்கிட்ட பதினோரு பேர் வேலை செய்யறாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மீட்டரைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே ஒரு மாலை ஆண் கூகை வரவில்லை. மறுநாள் காலை என் கணவர் பேக்கரிச் சாக்கடை ஓரத்தில் அதைக் கண்டெடுத்தார். இறக்கை இரண்டும் விரிந்தபடி, உடம்பில் ஒரு காயம்கூட இல்லாமல் கிடந்தது. டியூப் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் அதை வைத்துப் பேக்கரிக்குக் கொண்டுபோனார். சத்தம் போடவில்லை. பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, "குஞ்சு அஞ்சு இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். பேக்கரிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாராம்.

தாய்க்கூகை விளையாட்டு மைதானத்துப் பக்கம் வேட்டைக்குப் போகிறது, அதனால் தப்பியது. ஆனால் ஐந்து வாய்க்கு அதன் ஓட்டம் போதவில்லை. இரண்டே நாளில் கேமராவில் நிலைமை தெரிந்தது. மூத்தது கடைக்குட்டியை ஒரு தினுசாகப் பார்த்தது. ஒருமுறை அதன் தலையைக் கொத்தவும் செய்தது. கடைக்குட்டி மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது.

பறவை மருத்துவர் ஒருவரின் எண்ணைக் கண்ணாடிக் கடைக்காரர் கொடுத்தார். அந்த அம்மா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பசி முத்திப் போச்சுன்னா பெரிசு சின்னதைத் தின்னுரும். இங்க கொண்டு வந்தா காப்பாத்தலாம்தான். ஆனா தாய் இருக்கே, அது கையில வளர்றதுதான் நல்லது. தாய் பகல்ல பெட்டிக்குள்ள இருக்கறதில்ல. வெளிச்சம் போறதுக்கு முன்னாடி நீங்க இரை வெச்சிருங்க. மருந்து தின்ன எலி கூடவே கூடாது, பொறியில அடிபட்டதுதான் வேணும். பொடிசுக்கு நறுக்கிக் குடுக்கணும். முகத்தை மூடிக்கிட்டுப் போங்க, பேசாதீங்க. அதுங்க ஆளுங்ககிட்ட பழகிரக் கூடாது."

கைபேசியை வைத்தேன். கணவரும் அண்ணியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எலிக்கு எங்க போறது?" என்றார் கணவர்.

அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. ஊரின் முதுகு எனக்கு அத்துப்படி என்று சொன்னேன் இல்லையா? தீவனக் கடை, கோழிப்பண்ணை, காகிதத்தை எலி கொறித்துவிடுகிறது என்று புலம்புகிற அச்சகம், எல்லாம் என் தடத்தில்தான். மறுநாளே மீட்டர் பார்த்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தேன். "மருந்து வெக்கறீங்களா, பொறி வெக்கறீங்களா? பொறின்னா, செத்ததைத் தூக்கிப் போடாதீங்க, எனக்குக் குடுங்க." முதலில் எல்லோரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். விஷயத்தைச் சொல்லி, கைபேசியில் கடைக்குட்டியைக் காட்டியதும் தீவனக் கடைக்கார அம்மா அன்றைக்கே மூன்று கொடுத்தார். நான்கு நாளில், "கரண்டம்மா, உங்க பார்சல் ரெடி!" என்று தெருக்கோடியிலிருந்தே கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டது. என் கணவர்தான் கைகூப்பினார்: "எது சாப்பாட்டு டப்பா, எது எலி டப்பான்னு தயவுசெஞ்சு எழுதி ஒட்டு தாயே."

வந்ததை எங்கே வைப்பது? எங்கள் ஃப்ரிட்ஜில் ஐஸ் அறை என்று பெயருக்கு ஒன்று உண்டு, கதவு மூடாது. காலியாகவும் நல்ல நிலையிலும் இருந்தது மாடியில்தான். கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் கீழே நின்றேன்.

மேலே கதவு திறந்தது.

"ஐஸ் ட்ரேயை எடுத்துட்டேன்," என்றார் அண்ணி. "ரெண்டு உறை போட்டுக் கட்டி வை. அப்புறம் கைய கழுவு."

"அண்ணி, ஏணில ஏறி வெக்கறதுக்கு…" என்று இழுத்தேன். நான் வேலை முடிந்து வருவதற்குள் இருட்டிவிடும். கணவர் ஏணியில் மூன்றாவது படியைத் தாண்டினால் தலைசுற்றுகிற ஆள், அதோடு அவர் எடைக்கு அந்த ஏணியே பயப்படும்.

"க்ளினிக்ல சாயந்தரம் டாக்டர் வர்றவரைக்கும் எனக்கு வேலையில்ல. மாஸ்க் இருக்கு, கையுறை இருக்கு, பழைய இடுக்கி இருக்கு. வேற யாரு ஏறுவா?" என்றார். பிறகு சற்றுத் தணிந்த குரலில், "உள்ள இருந்து மூஞ்சி மேல பாயுமா?" என்று கேட்டார்.

"பாயாது அண்ணி. சீறும். அலகால டக்டக்குனு சத்தம் போடும். அவ்வளவுதான்."

"பல்லு புடுங்க வர்றவங்க பண்றதை விடவா?"

மறுநாள் மாலை நான் ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்து மீட்டர் முன்னால் நின்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் குஞ்சுகள் திடீரென்று விறைத்தன. சீறல் கிளம்பியது. ஓட்டையில் ஒரு கையுறைக் கை தெரிந்து, பின்வாங்கிப் போனது. போச்சு என்று நினைத்தேன். ஏணி கிறீச்சிடுவது கேட்டது. பிறகு அந்தக் கை மறுபடி வந்தது. இந்த முறை இடுக்கி பின்வாங்கவில்லை. முட்டிமோதிய மூத்தவற்றின் தலைகளுக்கு மேலாக நீண்டு, மூலைக்கு நேராகப் போய், கடைக்குட்டியின் அலகருகே நின்றது. ரகசியம் பேசுகிற குரலில் கேமரா வழியாகக் கேட்டது:

"திற… நல்லாத் திற… இன்னும் கொஞ்சம்… அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு."

கடைக்குட்டி விழுங்கியது. பள்ளிக்கூடக் காவலாளி ஓடிவந்து, "என்னம்மா, ஷாக் அடிச்சிருச்சா?" என்று கேட்கிற அளவுக்கு நான் கத்தியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, "பேசக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே அண்ணி," என்றேன்.

"நான் எங்க பேசினேன்?" என்றார் அண்ணி, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

தினமும் அதே வரிசைதான். முதல் பங்கு கடைக்குட்டிக்கு, அது விழுங்கிய பிறகுதான் மற்றவற்றுக்கு. "எங்க வீட்லயும் இப்படித்தான்," என்றார் கணவர் ஒருநாள் டிவியைப் பார்த்துக்கொண்டே. "அம்மா போனப்ப அக்கா பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தா. நாங்க நாலு பேர். தட்டை வெச்சா எனக்குத்தான் முதல்ல போடுவா. பெரியண்ணன் சண்டைக்கு வருவான், கரண்டியாலயே ஒண்ணு போடுவா." அவர் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

ஒரு மாலை அண்ணி ஏணியில் நிற்கும்போது சுவருக்கு மேலே பேக்கரிக்காரரின் தலை எழுந்தது.

"மருந்தையெல்லாம் எடுத்துட்டேன்," என்றார் அவர். "ஆனா எலிக்கு வழி தெரியல. நேத்தைக்கு ஒரு மூட்டை போச்சு."

அண்ணி இடுக்கியை உயர்த்திப் பேசாதே என்று ஜாடை காட்டிவிட்டு, வேலையை முடித்து இறங்கிய பிறகுதான் மாஸ்க்கைக் கழற்றினார். "சொத்தைப் பல்லுல வலி மாத்திரை போட்டுக்கிட்டே இருந்தா ஆகுமா? ஓட்டையை அடைங்க," என்றார்.

அந்த வார விடுமுறை நாளில் நாங்கள் மூன்று பேரும் பேக்கரிக் கிடங்கில் இருந்தோம். தீவனக் கடையில் ஓட்டைகளை எப்படிக் கம்பிவலை போட்டு அடைத்திருக்கிறார்கள் என்று நான் பார்த்து வைத்திருந்தேன். பழைய டயர்களிலிருந்து உருவிய எஃகுக் கம்பியைச் சுருட்டிச் சுருட்டி என் கணவர் எலிப் பொந்துகளில் திணித்தார், அதன் மேல் சிமெண்ட். பேக்கரி ஆட்கள் மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கி இரும்புச் சட்டங்களின் மேல் அடுக்கினார்கள். அண்ணி விளக்கை அடித்துக்கொண்டு மூலை மூலையாகக் குனிந்து, "இங்க ஒண்ணு… இங்க இன்னொண்ணு, இதை விட்டுட்டீங்க," என்று எல்லோரையும் வேலை வாங்கினார். அடுத்த வாரம் சுகாதாரத்திலிருந்து வந்து பார்த்தவர்கள் ஒரு குறையும் சொல்லாமல் போனார்கள். பேக்கரிக்காரர் சுவரைச் சுற்றி வரக்கூடப் பொறுமை இல்லாமல் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து அந்தச் செய்தியைச் சொன்னார்.

குஞ்சுகள் பஞ்சை உதிர்த்து இறகு உடுத்தின. மூத்தது ஒரு மாலை ஓட்டையில் வந்து நின்று, கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தொட்டிக்குத் தாவியது. அடுத்த மாலைகளில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. பேக்கரிக் கூரையில் தாய் இரையோடு உட்கார்ந்து அழைக்கும், இவை தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரும். பெட்டியில் கடைக்குட்டி மட்டும் மிஞ்சியது. இரை வைப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார் பறவை மருத்துவர். பசித்தால்தான் வெளியே வருமாம். அண்ணிக்கு அது பொறுக்கவில்லை. காலி இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

அன்று விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். சூரியன் விழுந்து வானம் இன்னும் வெளுப்பாக இருந்த நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரி ஆட்கள் வெள்ளைத் தொப்பிகளோடு வரிசையாக ஸ்டூல் போட்டு ஏறி நின்றார்கள். கண்ணாடிக் கடைக்காரர் வந்திருந்தார், தீவனக் கடை அம்மாவும் வந்திருந்தார். கூரையில் தாய் கூப்பிட்டது. கடைக்குட்டி ஓட்டையில் வந்து நின்றது. அண்ணன் அக்காக்கள் நாலும் கூரை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து இதையே பார்த்தன.

தாவியது. தாவிய வேகத்தில் நேராகக் கீழே வந்தது.

துணிக்கொடியில் காய்ந்த அண்ணியின் படுக்கை விரிப்பில் விழுந்து, அதிலேயே நகத்தை மாட்டிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியது. நான் ஓடப் போனேன், அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு. அதுவா வரட்டும்."

விரிப்பு கிழிகிற சத்தம் கேட்டது. அண்ணி அசையவில்லை. கடைக்குட்டி ஒரு காலை விடுவித்தது, இன்னொன்றையும் விடுவித்தது, கொடியின் மேல் ஏறி நின்று ஊஞ்சலாடியது. இறக்கையை முழுசாக விரித்தது. அது அவ்வளவு பெரியது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரே உந்து. சத்தமே இல்லாமல் எங்கள் தலைக்கு மேல் எழுந்து, சுவரைத் தாண்டி, வெள்ளைத் தொப்பிகளைத் தாண்டி, கூரையையும் தாண்டிப் போய், எங்கேயோ போய்விட்டதே என்று நாங்கள் பதறுவதற்குள் அகலமாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்து தாயின் பக்கத்தில் கச்சிதமாக இறங்கியது. மூத்தது வாயைத் திறக்கும் முன் தாயின் அலகிலிருந்த எலியைப் பறித்துக்கொண்டது.

பேக்கரி ஆட்கள் தட்டுகளைத் தட்டினார்கள். என் கணவர் அழுதுகொண்டே கைதட்டினார். அந்த இரைச்சலுக்கு நடுவே, என் பக்கத்திலிருந்து காதைக் கிழித்துக்கொண்டு ஒரு விசில் புறப்பட்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணி இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்து, கன்னம் உப்ப, கண்ணில் தண்ணீர் வழிய, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தார். கையைக்கூடக் கழுவவில்லை.